ஏலமலையில் எதை அளக்கிறோம், யாரை விடுகிறோம்?

(போடிநாயக்கனூரில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முனைவர் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவேன். தலைப்பைச் சொன்னால் கேட்டவருக்குக் கொட்டாவி வரும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால் தப்பிக்க வழியில்லை. தலைப்பு இதுதான்: பல்கலைக்கழகங்களும் தொழில்துறையும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் எவ்வளவு புதுமையை உருவாக்குகின்றன, செலவிட்ட பணத்துக்கும் ஆளுக்கும் ஏற்ற பலன் வருகிறதா என்று அளப்பது. சுருக்கமாகச் சொன்னால் மாவட்டங்களுக்கு மார்க் போடுகிற வேலை.

எங்கள் ஊர் பொட்டிபுரம். எங்கம்மா முப்பது வருடத்துக்கு மேலாக ஏலத்தோட்டத்துக்குப் போனவர். விடிவதற்கு முன்னால் எழுந்து, சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கி, எல்லை கடந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டத்தில் இறங்குவார். பொழுது சாய்ந்தால் அதே ஜீப்பில் திரும்புவார். எங்கள் காலனியில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பெண்ணாவது அப்படிப் போயிருப்பார். நான் படித்தது அந்தக் கூலியில்தான்.

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுதும்போது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நான் போடுகிற அட்டவணையில் எங்கம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? தேடிப் பார்த்தேன். எந்தக் கட்டத்திலும் இல்லை. இன்றைய பேச்சு அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றியது.

இரண்டு இட்லிக் கடைகள்

முதலில் இந்த அளவை எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். புரியாத கணக்கைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். புரிந்துவிட்டால் கேள்வி கேட்கலாம்.

ஒரு தெருவில் இரண்டு இட்லிக் கடைகள். இரண்டுமே 10 கிலோ அரிசி வாங்குகின்றன. முதல் கடை 500 இட்லி எடுக்கிறது, இரண்டாவது கடை 400 இட்லி. முதல் கடைக்கு மார்க் 1. இரண்டாவது கடைக்கு 0.8. அவ்வளவுதான். யார் குறைந்த பொருளைப் போட்டு அதிகமாக எடுக்கிறார்களோ அவர்கள் எல்லைக்கோடு. மற்றவர்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதே அவர்களுடைய திறன்.

இந்த முறைக்கு டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ் என்று பெயர். சுருக்கமாக டி.இ.ஏ. 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூன்று பேர் வெளியிட்ட முறை. இட்லிக் கடைக்குப் பதிலாக மாவட்டம் அல்லது மாநிலம். அரிசிக்குப் பதிலாக ஆராய்ச்சி நிதி, பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள். இட்லிக்குப் பதிலாக ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள். பெரும்பாலும் இதை இரண்டு படியாகச் செய்வார்கள். முதல் படியில் பல்கலைக்கழகம் பணத்தை அறிவாக மாற்றுகிறது. இரண்டாம் படியில் தொழில்துறை அந்த அறிவை வாங்கிப் பொருளாகவும் வருமானமாகவும் ஏற்றுமதியாகவும் மாற்றுகிறது. முடிவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு எண்.

இதில் ஒரு அழகான அம்சம் உண்டு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை மேலே இருந்து யாரும் திணிப்பதில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதற்குச் சாதகமான எடைகளைக் கணக்கே தேர்ந்துகொள்ளும். காப்புரிமையில் பலமான மாவட்டத்துக்குக் காப்புரிமை கனக்கும், பட்டதாரிகளில் பலமான மாவட்டத்துக்குப் பட்டதாரிகள் கனக்கும். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் எடையை மட்டும்தான் நாம் தேர்ந்துகொள்ள முடியும். கட்டங்களை வேறு யாரோ முன்பே வரைந்துவிட்டார்கள். யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம், ஆனால் வேட்பாளர் பட்டியல் உன் கையில் இல்லை என்பது போல. இட்லிக் கடைக் கணக்குக்கே திரும்பிப் போங்கள். முதல் கடையில் விடிய விடிய மாவாட்டியது கூலியில்லாத மருமகளாக இருந்தால்? அரிசிக்குக் கட்டம் இருக்கிறது, இட்லிக்குக் கட்டம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. அவள் உழைப்பு முழுவதும் கடைக்காரரின் 'திறன்' என்று பதிவாகிவிடும்.

மலை ஒரு வரிசை, ஆள் ஒரு வரிசை

'வட்டாரம்' என்கிறோம். எது வட்டாரம்? 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால் இன்றைக்கு ஏலத்தோட்டத்தின் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்தில். அதன் ஆராய்ச்சி நிலையங்களும் அங்கேதான்: மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம். மின்னணு ஏலம் நடப்பது அந்தப் பக்கம் புற்றடியிலும் இந்தப் பக்கம் நம் போடியிலும். வியாபாரிகளின் குடோன்கள் போடியில். காய் பறிக்கிற கை தேனி மாவட்டத்துக் கை.

இப்போது இதை மாவட்டவாரியாக அட்டவணையில் போடுங்கள். இடுக்கி வரிசையில் தோட்டம் இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது. தேனி வரிசையில் ஏல வர்த்தகம் வரும். எங்கம்மா? அவர் இடுக்கியில் குடியிருப்பவர் இல்லை, அதனால் அந்த வரிசையில் வரமாட்டார். அவர் விளைவித்தது தேனியில் விளையவில்லை, அதனால் இந்த வரிசையிலும் அவர் உழைப்புக்குப் பலன் தெரியாது. தினமும் இரண்டு தடவை எல்லை தாண்டுகிற ஜீப் இரண்டு வரிசைக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

ஞள்ளானியும் 'மற்றொருவரும்'

இந்த மலையில் கடந்த நாற்பது வருடத்தில் நடந்த மிகப் பெரிய புதுமை எது என்று இங்கிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஞள்ளானி. செபாஸ்டியன் ஜோசப் என்ற இடுக்கி விவசாயி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஏலக்காய் ரகம். நன்றாகக் காய்க்கிற செடிகளைக் கவனித்துப் பிரித்து, தட்டையாக நட்டுப் பெருக்கிய வேலை அது. ஞள்ளானி என்பது அவருடைய குடும்பப் பெயர். பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைச்சல். தோட்டம் தோட்டமாக, கை மாறிக் கை மாறி, மலை முழுக்கப் பரவியது. இன்றைக்கு ஏலமலையில் காலாற நடந்தால் நீங்கள் பார்க்கிற செடிகளில் பெரும்பகுதி அதுதான்.

என் அட்டவணையில் ஞள்ளானிக்கு எவ்வளவு மார்க்? பூஜ்யம். அது ஆய்வுக் கட்டுரையாகப் பிறக்கவில்லை. காப்புரிமையும் கிடையாது, ஏனென்றால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடிகளுக்கும் விதைகளுக்கும் பயிர் ரகங்களுக்கும் காப்புரிமை தருவதில்லை. அது நல்ல சட்டம்தான், விதையை யாரும் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால். ஆனால் காப்புரிமையை எண்ணி ஒரு ஊரின் புதுமையை அளக்கிறவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எங்கள் மலையின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு அவர்கள் தராசில் ஏறவே ஏறாது.

இதுவரை பல அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அடித்தளக் கண்டுபிடிப்பாளர்களை மதிக்க வேண்டும் என்று விருதுகளும் உண்டு. நான் அங்கே நிற்க விரும்பவில்லை. அடித்தளம் என்று சொல்கிற இடத்துக்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001 என்று ஒன்று உண்டு. விவசாயி உருவாக்கிய ரகத்தையும் பதிவு செய்ய வழி தருகிற சட்டம். உலக அளவில் முற்போக்கானது என்று பேசப்படுவது. அதில் விவசாயி என்பவர் யார் என்ற வரையறையைப் படியுங்கள். தானே நிலத்தில் பயிரிடுகிறவர் விவசாயி. அதோடு, மற்றொருவர் மூலமாக நடக்கும் சாகுபடியை நேரடியாக மேற்பார்வையிட்டுப் பயிரிடுகிறவரும் விவசாயி. மேற்பார்வை செய்கிறவருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மேற்பார்வைக்குக் கீழே குனிந்து நிற்கிறவருக்கு 'மற்றொருவர்' என்று பெயர்.

அந்த மற்றொருவருக்கு என்ன தெரியும்? எங்கம்மாவைக் கேட்டேன். ஏலச் செடியின் சரம் தரையில் படர்ந்து கிடக்கும். ஒரே சரத்தில் பூ இருக்கும், பிஞ்சு இருக்கும், விளைந்த காய் இருக்கும். விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சை எடுத்தால் காய்ந்தபின் சுருங்கிப் போகும், எடை நிற்காது. விட்டுவிட்டால் பழுத்து வெடிக்கும், நிறம் போய்விடும். இரண்டும் நஷ்டம். பச்சைக்காய் ஏறத்தாழ 5 கிலோ போட்டால் ஸ்டோரில் காய்ந்து 1 கிலோ வரும். அந்த 1 கிலோவின் பச்சை நிறமும் பருமனும்தான் ஏலத்தில் விலை. எது விளைந்த காய் என்று எப்படித் தெரியும் என்றேன். "தொட்டாத் தெரியும். இழுத்தா வராது, தொட்டா வரும்" என்றார். மழையில், அட்டைக்கடியில், வெளிச்சம் குறைந்த சோலைக்குள், முதுகை வளைத்தபடி, ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இந்த முடிவை எடுத்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஞள்ளானி நிறையக் காய்க்கிற ரகம். நிறையக் காய்த்தால் நிறைய எடுப்பு. புது ரகம் வந்தபோது அதை எப்படி எடுப்பது, எந்தச் சரத்தை எப்போது தொடுவது என்று பழகிக்கொண்டது இந்தப் பெண்கள். பயிற்சி வகுப்பு எதுவும் எங்கம்மாவுக்கு யாரும் நடத்தவில்லை. அந்தப் பழக்கம் இல்லாமல் ரகத்தின் பலன் மூட்டைக்குள் வந்திருக்காது. கண்டுபிடிப்பில் ஒரு பாதி விவசாயியின் பெயரில் இருக்கிறது. மறுபாதிக்குப் பெயரே இல்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சாதி முடிவு செய்த நாட்டில், அறிவு யாருடையது என்பதையும் நிலமே முடிவு செய்துவிடுகிறது.

நிரம்பாத நாற்காலியின் லாபம்

இப்போது பல்கலைக்கழகப் பக்கம் வாருங்கள். இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

ஒரு துறையில் அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் இடம் 10 என்று வையுங்கள். நிரப்பியிருப்பது 6. அந்த 6 பேர் ஆண்டுக்கு 12 கட்டுரை எழுதுகிறார்கள். ஆளுக்கு 2. காலியாக இருக்கும் 4 இடமும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டவருக்கும் உரிய பின்னடைவுப் பணியிடங்கள். நாளைக்கு அவற்றை நிரப்புகிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம் பாடம் நடத்தவும் ஆய்வுக்கூடம் அமைக்கவுமே சரியாக இருக்கும். மொத்தக் கட்டுரை 18 ஆகிறது. கட்டுரை கூடியிருக்கிறது. ஆனால் 10 பேருக்கு 18, ஆளுக்கு 1.8. திறன் மார்க் குறைந்துவிட்டது!

இது நானாகச் சொன்ன உதாரண எண்தான். ஆனால் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும். நிரப்பாத இடஒதுக்கீட்டு நாற்காலி இந்த அளவையில் சேமிப்பாகப் பதிவாகும். நிரப்பினால் அது செலவு. 'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதி வைக்கிற தேர்வுக் குழுவுக்கு, கேட்காமலேயே ஒரு கணிதச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பணமே இல்லாத கிராமத்துக் கல்லூரி, ஒரே ஆசிரியர் மூன்று பாடம் நடத்தி, நூலகம் இல்லாமல் நூறு பிள்ளைகளைப் பட்டதாரியாக்கினால் இந்தக் கணக்கில் அது 'உச்சத் திறன்'. உடனே, குறைந்த பணத்திலேயே நன்றாகச் செய்கிறார்களே, கூடுதல் நிதி எதற்கு என்பார்கள். மார்க் குறைவாக வந்தால், இவர்களுக்குக் கொடுப்பது வீண் என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் இல்லாதவருக்கு இல்லை.

தேசிய அளவில் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். உங்களுக்குத் தெரியும். 2016-இல் முதல் பட்டியல் வந்தது. அதன் பொதுவான பட்டியலில் ஐந்து தலைப்புகள். பெண்கள், மாற்றுத் திறனாளிகள், ஏழை மாணவர்கள், சமூகத்தில் பின்தங்கியவர்கள், வெளி மாநிலத்தவர் என எல்லோரையும் சேர்த்த 'அனைவருக்குமான இடம்' என்ற தலைப்புக்கு 100-க்கு 10. மற்ற கல்வியாளர்களும் வேலை தருபவர்களும் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற 'மதிப்பெண்ணம்' தலைப்புக்கும் 10. அதாவது பெரியவர்களின் அபிப்பிராயமும் நம் எல்லோருடைய இருப்பும் சம எடை.

அம்பரப்பர் மலைக்குள் எந்த வாசல்?

பொட்டிபுரம் என்ற பெயர் உலக இயற்பியலாளர்களுக்குத் தெரியும். காரணம் எங்கள் ஊர் மனிதர்கள் அல்லர், எங்கள் ஊர்ப் பாறை. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கெட்டிப் பாறை மூடியிருக்க வேண்டும். முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகம் அருகில் என்பதால் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பிறகு இங்கே வந்தார்கள். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பில் கருவி என்பது திட்டம். பிறகு வழக்குகள், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம். மதிகெட்டான் சோலைக்கும் பெரியாருக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி இது என்று கூறி, 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. சுரங்கம் வெட்டப்படவில்லை.

இந்தப் போராட்டத்தில் ஊரோடு நின்றவள் நான். காடு, தண்ணீர், பாறையை உடைக்கிற வெடி பற்றிய அச்சம் நியாயமானது. அதே சமயம் நியூட்ரினோ நம் உடம்பைத் தாக்கும் என்று பரப்பிய பேச்சு பொய். இந்த நொடியிலும் கோடிக்கணக்கில் அவை நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, எந்தத் தீங்கும் இல்லை. 1965-லேயே கோலார் தங்க வயலின் ஆழச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த நாடு இது. பெரியாரையும் அம்பேத்கரையும் படித்த நாம் அறிவியலுக்கு எதிரிகளாக இருக்க முடியாது. பொய்யைக் கொண்டு வென்றால் அது நம் வெற்றியும் ஆகாது.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அன்றைக்கு அதை யாரும் உரக்கக் கேட்கவில்லை. இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான நிறுவனம் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். மத்திய கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தரும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 4-ஆம் பிரிவு, 'உயர் சிறப்பு நிறுவனங்கள்' என்று ஒரு அட்டவணை போட்டு, அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அந்த அட்டவணையில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விலக்கு, அதே பெயர்.

ஆக, ஆய்வகம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் ஊர்ப் பாறை வேண்டும், மலை வேண்டும். எங்கள் காலனிப் பிள்ளை ஆய்வு மாணவியாக உள்ளே நுழைய வேண்டுமென்றால், சட்டம் எல்லா இடத்திலும் திறந்து வைக்கிற அந்த ஒரு வாசல் இங்கே மூடியிருக்கும். என் அட்டவணையில் மட்டும் தேனி மாவட்டத்தின் ஆராய்ச்சி நிதி ஒரே நாளில் எகிறியிருக்கும். புதுமைக் குறியீட்டில் நாங்கள் மேலே போயிருப்போம். 'உயர் சிறப்பு' என்பதற்கும் இடஒதுக்கீட்டுக்கும் ஒத்துவராது என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி வைத்திருக்கும்போது, அளவைக் கோல் மட்டும் சாதி பார்க்காது என்று எப்படி நம்புவது?

பிரசாதத்தின் எச்சம், நுரையீரலின் எச்சம்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏலம் மருந்தடி அதிகமான பயிர். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவு ரத்தானது. ஒரு டின்னில் ஒரு சிட்டிகை ஏலக்காய். அதிலிருக்கும் எச்சத்தை அளக்க ஆய்வகம், அறிக்கை, இரண்டு நீதிமன்றங்கள். அளக்கட்டும், உண்பவரின் உடல்நலம் முக்கியம். வெளிநாட்டுக்குப் போகும் காயையும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

மருந்தடித்த தோட்டத்துக்குள் நாள் முழுக்க மூச்சு விட்டவரின் உடம்பில் எவ்வளவு எச்சம் என்று எங்கம்மாவை யாராவது அளந்தார்களா? கணக்கில் இதற்கு வழியில்லாமல் இல்லை. தொழிற்சாலைகளை அளக்கும்போது புகையை 'வேண்டாத விளைவு' என்று ஒரு கட்டமாகப் போட்டு மார்க்கைக் குறைக்கும் முறை டி.இ.ஏ.வில் பல காலமாக உண்டு. ஆலைப் புகைக்குக் கட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, கூலிப் பெண்ணின் இருமலுக்குப் போடத் தெரியாதா?

அம்மாவின் நேரம்

இதையெல்லாம் சேர்த்து ஒரு அத்தியாயம் எழுதி என் நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்லர். படித்துவிட்டுச் சொன்னார்: "இது உணர்ச்சி. மாடலில் இதற்கெல்லாம் இடமில்லை. ஆய்வேடு முடிந்த பிறகு கட்டுரையாக எழுதிக்கொள்ளுங்கள்." என்னிடம் மீதமிருக்கும் உதவித்தொகைக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு. எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் என் பட்டத்தை நம்பி இருக்கிறார்கள்.

பிறகு இந்த முறை எங்கே பிறந்தது என்று படிக்கப் போனேன். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கான 'ஃபாலோ த்ரூ' என்ற அரசுத் திட்டத்தை மதிப்பிடத்தான் 1970-களில் இதை உருவாக்கினார்கள். யாருக்கான திட்டம்? வாய்ப்பு மறுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானிய வீட்டுக் குழந்தைகளுக்கு. அப்போது அவர்கள் போட்ட கட்டங்களில் இரண்டு என்ன தெரியுமா? உள்ளே போகிற பொருளாக, தாய் தன் குழந்தையோடு உட்கார்ந்து வாசிப்பில் செலவிட்ட நேரம். வெளியே வருகிற பலனாக, அந்தக் குழந்தையின் தன்மதிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பது.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கணக்கு பிறந்ததே ஒரு அம்மாவின் நேரத்தை எண்ணுவதற்காக. ஒடுக்கப்பட்ட குழந்தையின் சுயமரியாதையை ஒரு விளைச்சலாக எண்ணுவதற்காக. அதை எடுத்துக்கொண்டு வந்து காப்புரிமைக்கும் ஏற்றுமதிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, இதில் உங்களுக்கெல்லாம் இடமில்லை என்று நம்மிடமே சொல்கிறார்கள். இடம் இருந்தது. எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை. கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். நிரப்பிய பணியிடத்தை அல்ல, அனுமதித்த பணியிடத்தை உள்ளீடாக வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்போது நிரம்பாத நாற்காலி சேமிப்பாக ஒளிந்துகொள்ள முடியாது, நட்டமாகத் தெரியும். புதுமையால் வந்த வருமானத்தில் கூலியாக எவ்வளவு போனது என்பதைப் பலன் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். தொழிலாளியின் உடல்நலக் கேட்டை வேண்டாத விளைவாக வைக்க வேண்டும். கடைசியாக, கட்டங்களை முடிவு செய்யும் இடத்தில் அளக்கப்படுகிறவர்கள் உட்கார வேண்டும். நூறுநாள் வேலைத் திட்டத்துக்குக் கிராமத்தில் சமூகத் தணிக்கை நடந்ததே, அது போல. ஏற்பார்களா என்று போகப் போகத் தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் படிக்கிற கல்லூரி, பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். துறைவாரியாக அனுமதித்த ஆசிரியர் இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, ஒவ்வொரு பிரிவிலும் காலி எத்தனை, எந்த ஆண்டிலிருந்து காலி? முனைவர் பட்டச் சேர்க்கையிலும் இதே கேள்விகள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் கல்லூரி வாசலில் ஒட்டுங்கள். என்னிடம் தரவு இல்லை என்று என் நெறியாளர் சொன்னது பாதி உண்மை. அந்தத் தரவை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்கு முதுகு நிமிர்வதில்லை, மலைக்குப் போவதில்லை. போடியில் குடோனுக்குப் போய்க் காய் ஆய்கிறார். உட்கார்ந்தே வேலை, அது தேவலை என்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏ பாப்பா, அப்ப எனக்கு எம்புட்டு மார்க்கு போட்ருக்க?" என்றார். இன்னும் போடவில்லையம்மா, கட்டம் இப்போதுதான் வரைந்திருக்கிறேன் என்றேன். "வரைஞ்சவரைக்கும் சரி. அழிச்சுப்புடாம பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.